மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

ஓணம் முடிந்த கையோடு மட்டாஞ்சேரியில் நொண்டுகிறவர்களின் எண்ணிக்கை கூடிவிடும். பெரும்பாலும் கொச்சியின் ஸ்பைஸ் கோஸ்ட் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தவர்கள். ஜூனில் இடவப்பாதி மழையோடு தொடங்குகிற பயிற்சி, ரோட்டில் தண்ணீர் கட்டும் நாட்களில் நின்று நின்று நகரும். ஓணத்துக்கு ஊருக்குப் போய் சத்யை சாப்பிட்டதில் ஒரு வாரம் கழியும். திரும்பி வந்து காலண்டரைப் பார்த்ததும் வயிற்றில் புளி கரைக்கும். 14 கிலோமீட்டரில் நின்ற ஞாயிற்றுக்கிழமை ஓட்டம், அடுத்த வாரமே 22க்குத் தாவும். அதற்கடுத்த வாரம் முன்னங்கால் எலும்பு பேச ஆரம்பிக்கும்.

கொச்சியின் தரையும் இதற்குத் துணை போகிறது. பஜார் ரோட்டுக் கிடங்குகளுக்கு லாரிகள் வருமுன் கிளம்பி, தோப்பும்படி, பிஓடி பாலம், வில்லிங்டன் தீவு என்று போய்த் திரும்பினால், பாலங்களைத் தவிர ஏற்றமே கிடையாது. கேட்கச் சுகம்தான். ஆனால் மேடு பள்ளம் இல்லாத தரையில் அதே எலும்பு அதே கோணத்தில் ஆயிரக்கணக்கான முறை அடி வாங்குகிறது. மழைநீர் வடிய ரோட்டின் ஓரம் சரிந்திருக்கும். தினமும் ஒரே ஓரமாக ஓடுகிறவருக்கு ஒரு கால் எப்போதும் பள்ளத்தில்தான்.

காயம் வருவது பெரிய செய்தி இல்லை. 42.195 கிலோமீட்டருக்குத் தயாராகிறவர்களில் ஏதாவது ஒரு வலியைச் சந்திக்காதவர் அபூர்வம். பந்தயத்தைத் தின்பது அதன் பிறகு போடுகிற கணக்கு: விட்டுப்போன கிலோமீட்டர்களைக் கடன் பாக்கி போல வட்டியோடு அடைக்கப் பார்ப்பது.

அந்தக் கடன் நினைக்கிற அளவுக்குப் பெரிதும் இல்லை. நன்றாகப் பழகிய உடல்கள் பயிற்சியை அடியோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் ஆய்வாளர் எட்வர்ட் காயிலின் குழு அளந்து 1984இல் வெளியிட்டது. மூன்று வாரத்தில் உச்ச ஆக்சிஜன் திறன் சுமார் 7 சதவீதம் குறைந்தது. எட்டு வாரத்தில் 16 சதவீதச் சரிவில் போய் நின்றுகொண்டது. காயம் பட்டவர் சைக்கிள் மிதித்தாலோ, இடுப்பில் பெல்ட் கட்டி ஆழமான நீச்சல் குளத்தில் ஓடினாலோ இந்த இழப்பு இன்னும் குறையும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதங்கள் வேண்டும். மூச்சு வாங்கவில்லை, இன்னும் ஐந்து கிலோமீட்டர் போகலாம் என்று தோன்றும் அந்தக் காலைதான் ஆபத்தானது. இரண்டாவது காயம் பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது.

ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றும் கதை அமெரிக்க மாரத்தான் வீராங்கனை ஜோன் பெனாய்ட்டுடையது. 1984 ஏப்ரல் 25 அன்று முழங்கால் அறுவை சிகிச்சை. 17 நாள் கழித்து, மே 12 அன்று, அமெரிக்க ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் முதலிடம். ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் தங்கம். கதையைப் பரப்புகிறவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. தகுதிப் போட்டியில் அவர் எடுத்த நேரம் 2:31:04. அதற்கு முந்தைய ஆண்டு பாஸ்டனில் அவர் படைத்த உலக சாதனை 2:22:43. எட்டு நிமிடம் 21 விநாடி கழன்று போயிருந்தது. அதுவும் காலை ஆட்ட முடியாத நாட்களில் கையால் பெடல் சுற்றிப் பயிற்சியை விடாமல் வைத்திருந்தவருக்கு! இடையில், சீக்கிரம் திரும்பும் அவசரத்தில் தொடையின் பின்தசையையும் காயப்படுத்திக்கொண்டார். ஒலிம்பிக்கில் 2:24:52 வந்தது தகுதிப் போட்டிக்குப் பன்னிரண்டு வாரம் கழித்து.

இன்னொரு மாரத்தான் வீராங்கனையான பவுலா ராட்கிளிஃபின் கணக்கும் இதே ரகம். 2008இல் தொடை எலும்பில் அழுத்த முறிவு. ஆறியும் ஆறாமலும் ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இறங்கினார். வழியில் நின்று காலை நீட்டிவிட்டுக்கொண்டு, 2:32:38இல் 23ஆவதாக வந்தார். பதினொரு வாரம் கழித்து நியூயார்க்கில் 2:23:56; முதலிடம். பெய்ஜிங்கில் இல்லாத ஒன்று நியூயார்க்கில் இருந்தது என்றால், அது அந்தப் பதினொரு வாரம்தான்.

நம் பக்கத்து உதாரணம் வேண்டுமானால் பாலக்காட்டு ஸ்ரீசங்கர் இருக்கிறார். நீளம் தாண்டுபவர் என்றாலும் முழங்கால் முழங்கால்தானே. 2024 ஏப்ரலில் பயிற்சியின்போது காயம், தோஹாவில் அறுவை சிகிச்சை, பாரிஸ் ஒலிம்பிக் கைநழுவியது. 2025 ஜூலையில் புனேயில் திரும்பி வந்து 8.05 மீட்டர் தாண்டி வென்றார். அவருடைய சிறந்த தாண்டல் 8.41. பதினைந்து மாதம் காத்திருந்த பிறகும் 36 சென்டிமீட்டர் பாக்கி இருந்தது.

பெனாய்ட்டின் சரிவு ஏறக்குறைய 6 சதவீதம். ஐந்து மணி நேரத்தில் மாரத்தான் முடிக்கிறவருக்கு அதே விகிதம் 18 நிமிடம். காயத்திலிருந்து எழுந்து வந்து, பழைய இலக்கு நேரத்தையே மணிக்கட்டில் எழுதிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அதற்கு முன், என்ன காயம் என்று தெரிய வேண்டும். முன்னங்கால் எலும்பின் உள்விளிம்பு நெடுக வலி பரவியிருந்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளிண்ட். சுமையைக் குறைத்தால் அடங்கும். ஒரே விரலால் தொட்டு ‘இங்கேதான்’ என்று காட்ட முடிகிறது, ஒற்றைக் காலில் குதித்தால் சுள்ளென்கிறது என்றால் அழுத்த முறிவைச் சந்தேகிக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐயில் தெரிந்துவிடும். கேரளத்தில் இன்னொரு வழக்கம், எது வலித்தாலும் நேராக உழிச்சலுக்குப் போவது. இறுகிய தசைக்கு எண்ணெய் இதம்தான். விரிசல் விட்ட எலும்பை அழுத்தித் தேய்க்கக் கொடுப்பது வீண் துணிச்சல்.

திரும்பி வருகிற வழியில் வீரசாகசம் எதுவும் கிடையாது. அரை மணி நேரம் வலியில்லாமல் நடக்க முடிந்த பிறகுதான் ஓட்டம். அதுவும் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து, ஃபோர்ட் கொச்சி பரேடு மைதானத்தைச் சுற்றியோ, வெளி என்ற பகுதியிலுள்ள நம் தமிழர்களின் டோபிகானா வரை போய் வந்தோ. மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழுந்து வைக்கிற முதல் அடிதான் பரிசோதனை. தசைநாண் காயத்தில் லேசான வலியைப் பொறுத்துக்கொண்டு தொடரலாம். எலும்பில் துளி வலி இருந்தாலும் அன்றைக்கு ஷூவைத் தொடக்கூடாது.

வயதாகிறதே, இந்த ஆண்டை விட்டால் போச்சே என்பவர்களுக்கு வயநாட்டு மாரத்தான் வீரர் கோபியின் நேரங்களைக் காட்டலாம். 2019 சியோலில் 2:13:39. ஐந்தாண்டு கழித்து, 35 வயதில், டெல்லி மாரத்தானில் 2:14:40 ஓடி முதலிடம்.

காயத்தில் ஆறு வாரப் பயிற்சியை இழந்தவர் இந்த முறை முழுத் தூரத்தை அரை மாரத்தானாக மாற்றிக்கொள்ளட்டும். அதற்கும் கால் ஒத்துவராவிட்டால், கொச்சியிலேயே இன்னொரு மாரத்தான் இருக்கிறது. 2024இலும் 2025இலும் அது பிப்ரவரியில்தான் நடந்தது.