தாமத அறிவிப்பும் விடை இலக்கணமும்

ரயிலுக்குக் காத்திருக்கும் பயணியின் மனத்தில் எழும் வினா ஒன்றே: வண்டி எப்பொழுது வரும்? வாய்விட்டுக் கேட்கப்படாத அவ்வினாவுக்கு ஒலிபெருக்கி தரும் விடையே தாமத அறிவிப்பாகும். ஆதலின் அதனை விடை இலக்கணம் கொண்டு மதிப்பிடுதல் பொருந்தும் எனக் கருதுகிறோம்.

நன்னூலார் விடையை எட்டாக வகுத்தார். அவற்றுள் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வெளிப்படையாக விடை தருவன. ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையாவன. ‘விழாவுக்கு வருவாயா?’ என்பதற்குக் ‘காய்ச்சல் கண்டது’ என்பது உற்றது உரைத்தல். ‘வந்தால் காய்ச்சல் மிகும்’ என்பது உறுவது கூறல். வாராமையைக் கேட்போரே உய்த்துணர வேண்டும்.

சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பெருவிரைவு ரயிலின் அறிவிப்புகள் பெரும்பாலும் இக்குறிப்பு வகையைச் சார்ந்தவை. ‘சமிக்ஞைக் கோளாறு’ என்பது உற்றது உரைத்தல். ‘பயண நேரத்துடன் 20 நிமிடங்களைச் சேர்த்துக்கொள்க’ என்னும் பாங்கில் தொடர்வது ஏவல். தாமதித்தது வண்டி, கூட்டிக்கொள்ள வேண்டியவரோ பயணி. எனினும் நிமிடக் கணக்கு பயனுடையதே. பேருந்தில் செல்வதா, காத்திருப்பதா என முடிவுசெய்ய அது உதவுகிறது.

தமிழக ரயில் நிலையங்களில் ‘தாமதமாக வந்துகொண்டிருக்கிறது’ என ஒளிவின்றி அறிவிக்கப்படுகிறது. ஆயினும் வண்டி எண், புறப்பட்ட ஊர், சேரும் ஊர், வண்டியின் பெயர் ஆகிய அனைத்தும் முன்வர, பயனிலை இறுதியில் நிற்கிறது. நடைமேடை இரைச்சலில் இறுதிச் சொல்லைத் தவறவிட்டவர் செய்தியையே தவறவிடுகிறார். ‘ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்பதில் ‘ஏற்படும்’ தன்வினை. சிரமத்தை விளைவித்தவர் தொடரில் இடம்பெறுவதில்லை.

இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. 2011 டிசம்பர் 15ஆம் நாள் சிங்கப்பூரின் வடக்கு-தெற்கு வழித்தடத்தில் வண்டிகள் சுரங்கத்துள் நின்றன. வெளிச்சமும் காற்றோட்டமும் குன்றிய நிலையில், ஒரு பெட்டியின் சன்னல் உடைக்கப்பட்டது. அத்தகைய வேளையில் தெளிவான அறிவிப்பே பயணியின் முதற்பாதுகாப்பு எனலாம்.

இங்கு மற்றொரு குறையும் நோக்கத்தக்கது. முன்னரே பதிவுசெய்யப்பட்ட பாதுகாப்பு அறிவுரைகள் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் ஒலிக்கின்றன. நாம் கேட்டவரையில், எதிர்பாராத் தடங்கலின்போது ஒலிப்பது பெரும்பாலும் ஆங்கிலமே. தமிழ் மட்டுமே அறிந்த மூத்தோர் அருகிருப்போர் முகத்தைப் பார்த்துச் செய்தியை ஊகிக்க நேர்கிறது. வழக்கமானதைச் சொல்ல வாய்க்கும் மொழி நெருக்கடியில் வாய்க்காமற்போவது, அதன் அதிகாரத்துவத் தகுதியைச் சடங்காக்கிவிடும்.

‘தாமதம். ஜூரோங் ஈஸ்ட் செல்லும் வண்டி 20 நிமிடம் கழித்து வரும். சமிக்ஞை பழுதாகியுள்ளது. பேருந்திலும் செல்லலாம்.’ இவ்வளவே போதும். முதற்சொல்லே நேர்விடை, உற்றதும் உறுவதும் அதனைத் தொடர்கின்றன. இத்தகைய தொடர்களை அமைக்கும் பயிற்சியை நம் வகுப்பறைகளில் மேற்கொண்டால், விடைவகைகள் மனனப் பாடமாக நின்றுவிடாமல் வாழ்மொழியின் அளவுகோலாகும்.