வேலி, மா, நாலு பைட்

தஞ்சாவூர்ப் பக்கம் வயதான விவசாயி யாரிடமாவது நிலம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். 'ஒரு வேலி மூணு மா' என்று பதில் வரலாம். இருபது மா ஒரு வேலி. அதற்குக் கீழே காணி (1/80), முந்திரி (1/320). பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் காலத்து நிலக்கணக்கும் இப்படித்தான். பழைய ஓலைகளில் வேலி, குழி, உழக்கு, ஏன் நெல்லுக்கே தனிக் குறி உண்டு. 2019-ல் யூனிகோடு இவற்றில் 51-ஐச் சேர்த்துக்கொண்டது.

இதற்கும் மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் சண்டைக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. இரண்டும் தகவலை அட்டவணை போட்டு வைத்து, கேட்டால் எடுத்துத் தரும் டேட்டாபேஸ்கள். இரண்டும் இலவசம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம். போஸ்ட்கிரெஸ் 1986-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. மைஎஸ்க்யூஎல் 1995-ல் வந்தது. அதில் உள்ள 'மை', அதை எழுதிய விடேனியஸின் மகள் பெயர். நிறுவுவது சுலபம், வேகம். பாதி இணையம் அதன் பின்னால் போனதில் ஆச்சரியமில்லை.

ஆனால் ரொம்ப நல்ல பிள்ளை. பிப்ரவரி 30 என்று கொடுத்தால் மறுக்காது. எல்லாம் பூஜ்யமாக எழுதிக்கொள்ளும். சாதாரணத் தமிழ் எழுத்துக்கு மூன்று பைட் போதும். அந்தப் புதுக் குறிகளுக்கு நாலு வேண்டும். 'யூடிஎஃப்8' என்று மைஎஸ்க்யூஎல் பெயர் வைத்திருந்தது மூன்றோடு சரி. வேலிக் குறி வந்த இடத்தில் வரியை வெட்டிவிட்டு, மீதியை முழுங்கிவிடும். எச்சரிக்கை உண்டு, நீங்களாகக் கேட்டால். போஸ்ட்கிரெஸ் 2005-லேயே நாலு பைட்டுக்கு வந்துவிட்டது. இல்லாத தேதியை 'முடியாது சார்' என்று முகத்துக்கு நேரே திருப்பி அனுப்பும்.

நியாயமாகச் சொன்னால் மைஎஸ்க்யூஎல்லும் திருந்திவிட்டது. 2010-ல் நாலு பைட் வந்தது. 2015-லிருந்து கண்டிப்புதான் வழக்கம். 2018-லிருந்து நாலு பைட்டும். ஆனால் பழைய அட்டவணைகள் தாமாகத் திருந்தாது. யாராவது உட்கார்ந்து மாற்ற வேண்டும்.

எது வேகம் என்று அடித்துக்கொள்கிறார்கள். என் கேள்வி வேறு. எதைச் சொன்னாலும் தலையாட்டும் கணக்குப்பிள்ளை வேண்டுமா, தப்பு என்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறவர் வேண்டுமா? கல்யாண ஆல்பத்துக்கு முதல் ஆள் போதும். நிலக்கணக்குக்கு நான் இரண்டாமவரைத்தான் வைப்பேன். வெட்டுப்பட்ட வரியில் யாரோ ஒருவருடைய மூணு மா இருந்திருக்கும்.