நான்கு சென்டிமீட்டரின் அருமை

ஒற்றையர் படகில் இரு கைத் துடுப்புகளுக்கும் வழக்கமான நீளம் ஏறக்குறைய 288 செ.மீ. அதில் 88 செ.மீ. துடுப்பைத் தாங்கும் ஓர்லாக்குக்கு உள்ளே, மீதி 200 வெளியே. உலக ரோயிங் விதிப்படி 27 வயதிலேயே மாஸ்டர்ஸ் (மூத்தோர்) பிரிவு தொடங்கினாலும், ஐம்பதைக் கடந்தவர்கள் இந்த அளவை அப்படியே ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மொத்தத்தை 284 ஆக்கினால் வெளிப்பகுதி 196. வெளிப்பகுதிக்கும் உட்பகுதிக்கும் உள்ள நெம்புகோல் விகிதம் 2.27இலிருந்து 2.23க்கு இறங்கும். காகிதத்தில் அற்பம்தான், ஆனால் துடுப்பின் தட்டு நீரைப் பற்றும் கணத்தில் இடுப்புக்கு அது பெரிய விடுதலை.

துடுப்பு குறைந்தால் ஒரு வலிப்பில் படகு ஓடும் தூரமும் குறையாதா? முழு வீச்சையும் வலித்து முடிப்பவருக்குக் குறையலாம். பாரம் மிகுந்தால் வயதான முதுகு முன்கூட்டியே நிமிர்ந்து வீச்சையே சுருக்கிவிடுகிறதே, அந்த இழப்பு இதைவிடப் பெரிது. 1991இல் கோடரி வடிவ அகலத் தட்டு வந்தபோது துடுப்புகள் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் குட்டையாகின. படகுகளின் வேகம் குன்றவில்லை. துடுப்பை ஓர்லாக்கில் நிறுத்தும் வளையமான பட்டனை மட்டும் வெளியே நகர்த்தினால் போதாதா என்பாரும் உண்டு. பாரம் குறையும், ஆனால் கைப்பிடிகள் ஒன்றன்மேல் ஒன்று இன்னும் ஏறி, விரல் முட்டிகள் உரசும். ஆகவே நீளம் மாற்றத்தக்க கைப்பிடியே நல்ல தேர்வு. அதை நான்கு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, பட்டனையும் அதே அளவு தட்டுப் பக்கம் நகர்த்தினால் 88 அப்படியே நிற்கும். எதிர்க்காற்று நாளில் மேலும் ஒரு சென்டிமீட்டர் குறைக்கலாம், இரண்டு துடுப்பிலும் ஒரே அளவாக.