பேசும் பொறியும் கேட்கும் சிறாரும்

தொழினுட்பக் கல்வி பற்றிய ஆய்வு பொறியியற் பீடத்தினருக்கே உரியது என்றும், அதன் விளைவுகளைப் பின்னர் விமர்சிப்பதே கலைப்பீடத்தினர் பணி என்றும் ஒரு கருத்து எம்மிடையே வேரூன்றியுள்ளது. மனிதரோடு உரையாடிப் பழகுமாறு ஆக்கப்படும் 'சமூக ரோபோ'க்களின் வருகை இக்கருத்தை மீள நோக்குமாறு எம்மை வற்புறுத்துகின்றது. பாரம் தூக்கும் பொறிக்கு விசையும் சமநிலையும் போதும். சிறுவனோடு பேசும் பொறிக்கோ மொழி வேண்டும். மொழியோடு உறவுமுறையும், மரியாதையும், நம்பிக்கையும் வேண்டும். இந்நோக்கில் இரு ஆய்வுக்குழுக்களின் முயற்சிகளை ஈண்டு மதிப்பிடுதல் பொருந்தும்.

முதலாவது முயற்சி கேரளத்தில் நிகழ்ந்தது. அமிர்தா பல்கலைக்கழகத்தின் 'அம்மாச்சி' ஆய்வுகூடத்தினரும் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தினரும் இணைந்து 'பெப்பே' என்னும் சிறு ரோபோவை உருவாக்கினர். கை வடிவினதாய், அசையும் கண்களும், வாய்க்குப் பதிலாக ஒரு சிறு திரையும் உடையதாய் அமைந்த இப்பொறி, வயநாட்டின் அரச ஆரம்பப் பாடசாலையொன்றில் கைகழுவும் இடத்துக்கு மேலே சுவரிற் பொருத்தப்பட்டது. 5 முதல் 10 வயது வரையான ஏறத்தாழ 100 மாணவருக்கு அது கைகழுவும் முறையை எடுத்துரைத்தது. மாணவரிடையே கைகழுவும் பழக்கம் 40 வீதம் உயர்ந்ததாக 2019இல் அறிவிக்கப்பட்டது.

இம்முயற்சியின் சிறப்பு ஐயத்துக்கு இடமற்றது. ஆய்வாளர் பொறியை முதலிற் செய்துவிட்டு அதற்கேற்ற தேவையைத் தேடி அலையவில்லை. சிறாரின் உடல்நலமென்ற தேவையிலிருந்தே தொடங்கினர். செல்வர் வாழும் நகரை விடுத்து நாட்டுப்புறப் பாடசாலையை நாடினர். எனினும் 40 வீதம் என்ற எண் பழக்கம் உயர்ந்ததை மட்டுமே காட்டுகின்றது. அது வேரூன்றியதைக் காட்டப் போதாது. புதுமை கண்ட உவகை அடங்கிய பின்னரும் சிறுவன் கைகழுவுவானா என்பதே கல்வியாளனின் வினா. மேலும், பெப்பே தானாகப் பேசவில்லை. மறைவிலிருந்த ஆய்வாளரே அதனை இயக்கினார். 1966இல் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்ற உரையாடல் நிரலை வெளியிட்டபோது, வெறும் சொற்சேர்க்கையை வளர்ந்தோரே மெய்யான பரிவாகக் கருதக்கண்டு அவர் கவலையுற்றார். வளர்ந்தோர் நிலையே அதுவாயின், ஐந்து வயதுப் பிள்ளை பொறியிடம் வைக்கும் நம்பிக்கைக்கு யார் பொறுப்பு என்பதை ஆய்வுக்குழு பெற்றோருக்குத் தெளிவுறுத்தல் கடமையாகும்.

ஆயினும் அவ்வாய்வில் எம்மை நின்று சிந்திக்க வைப்பது பிறிதொரு செய்தி. பெப்பே மலையாளம் பேசக்கேட்டுப் பிள்ளைகள் வியந்தனர். அது ஆங்கிலம் மட்டுமே பேசும் என அவர்கள் எண்ணியிருந்தனர். பொறியின் மொழி பிறர்மொழி என்ற பாடத்தை அப்பிள்ளைகளுக்கு எவரும் கற்பிக்கவில்லை, சூழலே கற்பித்திருந்தது. கைகழுவலைப் பற்றிய எண்ணிலும் இவ்வியப்பே பெரிய கண்டுபிடிப்பு என்பது எமது துணிபு.

இரண்டாவது முயற்சி எமது நாட்டினது. மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2016இல் வெளியிட்ட 'மிரோப்' என்னும் பணிவிடை ரோபோ, மக்கள் பேச்சிலுள்ள தெளிவற்ற அளவுச் சொற்களை விளங்கிக்கொள்ள முயல்வது. 'சற்று', 'அருகில்' என்பனவற்றுக்குத் திட்டமான அளவில்லை. அறையின் பரப்பும் பேசுவோன் கருத்துமே பொருளை வரையறுக்கின்றன. அதனை உரையாடலின் மூலமே பொறி கற்றுக்கொள்ள வேண்டும் என்பது இவ்வாய்வின் அடிப்படை. சொற்பொருள் இடத்தாலும் சூழலாலும் அமைவது என்ற மொழியியல் உண்மையைப் பொறியியலார் தம் வழியிற் கண்டடைந்தமை பாராட்டுக்குரியது.

இதனைச் செட்டிபாளையத்தில் வைத்து நோக்குவோம். கடலுக்கும் வாவிக்கும் இடையே, மட்டக்களப்பு–கல்முனை வீதியில் அமைந்தது இவ்வூர். இங்கு 'கொஞ்சம் அங்கால போ' என்று மூதாட்டி ஒருத்தி சொன்னால் அத்தூரம் எத்தனை அடி? அதனையேனும் அளந்து விடலாம். பொறி அவளுக்கு மறுமொழி கூறும்போது 'நீங்கள்' என்பதா, 'நீர்' என்பதா? பள்ளிச் சிறுவனை ஊரார் அழைப்பதுபோல் 'மனே' என அழைக்கலாமா? அழைத்தால் அது அன்பாகுமா, நடிப்பாகுமா? ஆங்கிலத்தின் ஒற்றை முன்னிலைச் சொல்லைக் கொண்டு அமைத்த பொறி இவ்வினாக்களை எழுப்பவே அறியாது. இவற்றை எழுப்ப வேண்டியவர் நாமே.

இன்னொன்றும் கருதத்தக்கது. சிறுவருக்கான 'லோகோ' என்ற கணினிமொழி 1967இல் உருவாகக் காரணமாயிருந்தோருள் ஒருவரான சீமோர் பப்பேட், கணினி பிள்ளையை இயக்கலாகாது, பிள்ளையே கணினியை இயக்க வேண்டும் என்னும் கொள்கையினர். இவ்வளவுகோலால் நோக்கின் வயநாட்டுப் பிள்ளைகள் கேட்போராக மட்டுமே இருந்தனர். மாரியில் வாவி பெருகுவதையும், முகத்துவாரம் வெட்டி வெள்ளம் கடலுக்கு விடப்படுவதையும் அறிந்த எம்மூர்ப் பிள்ளையிடம் பொறியொன்று செய்யச் சொன்னால், நீர்மட்டம் காட்டும் கருவியையே அவன் முதலில் நினைக்கக்கூடும். இலங்கையில் 1972இன் கல்விச் சீர்திருத்தம் உள்ளூர்த் தொழில்களைத் தொழில்முன்னிலைப் பாடங்களாக வகுப்பறைக்குக் கொணர்ந்தது. அவை இரண்டாந்தரக் கல்வி எனக் கருதப்பட்டமையால் நிலைக்கவில்லை. உயர்தரத்தில் 2013இல் தொடங்கிய தொழினுட்பத் துறைக்கும் அந்நிலை நேரலாகாது. தொழினுட்பத்தைத் தாழ்ந்தோர் கல்வி எனத் தள்ளுவதும், அந்நியர் அற்புதம் எனத் தொழுவதும் ஒரே அறியாமையின் இரு முகங்களே.

இப்பிரிவினையை ஏற்காத முன்னோடி எமது மண்ணிலேயே இருந்தார். காரைதீவில் 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி, தமிழ்ப் பேராசிரியர். 1947இல் வெளிவந்த 'யாழ்நூ'லில் இலக்கியச் சான்றையும் கணிதத்தையும் ஒருங்கு கொண்டே மறைந்த யாழ்க் கருவிகளின் அமைப்பை அவர் ஆராய்ந்தார். செய்யுளறிவு இல்லாத கணிதனுக்கோ, கணிதமறியாத புலவனுக்கோ அது இயன்றிராது.

எனவே எமது பல்கலைக்கழகங்களில் சமூக ரோபோ ஆய்வுக்குழு எதுவும் மொழியியல், சமூகவியல், கல்வியியல் மாணவரின்றி அமைதல் தகாது. முடிந்த பொறியை அழகு பார்க்க அழைக்கப்படும் விருந்தினராக அன்றி, அது யாரிடம், எம்மொழியில், எம்முறையிற் பேச வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானிப்போராக அவர்கள் இடம்பெற வேண்டும். நாளை அத்தகைய பொறியொன்று செட்டிபாளையத்து வகுப்பறையிற் பேசுமாயின், அது தமிழ் பேசுகிறதே என்று எந்தப் பிள்ளையும் வியக்கலாகாது. அவ்வியப்பின்மையே எமது ஆய்வின் வெற்றியாக அமையும்.