வீட்டுப் பாடத்திற்கு எந்தத் தமிழ்?

கண்டி நகரில் பிள்ளைகளை ஆங்கிலமொழிப் பாடசாலைகளுக்கு அனுப்பும் பெற்றோரிற் சிலர், தமிழை வீட்டிலேயே கற்பிக்க நூல் தேடுகின்றனர். தேடட்டும். ஆனால் எதைக் கண்டு தேர்கின்றனர்? வழவழப்பான தாள், வண்ணப் படம், புள்ளிகளை இணைத்து எழுத்தெழுதும் பயிற்சி! மொழியைப் பேசும் மனிதரை அங்கே காணோம்.

ஹந்தானை மலையடியில் வளரும் குழந்தை அத்தகைய நூல்களிற் கடற்கரையைக் காண்கிறது. கொழுந்துக் கூடையைக் காண்பதில்லை. லூல்கந்துராவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட செய்தி பொது அறிவாகிவிட்டது. கொழுந்து கிள்ளியோரின் தமிழோ பாடமாகவில்லை. இது தற்செயலன்று. 1945இல் இலவசக் கல்வி வந்தும், தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான்.

நூலில்லை என்பது வீண்பேச்சு. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் உள்ளன. கண்டியிற் பிறந்த சித்தி லெப்பையின் 'அசன்பே சரித்திரம்' (1885) உள்ளது. அதன் நடை சிறுவர்க்குக் கடினமாதலால் பெரியவர் கதையாகச் சொல்லலாம். 1946இல் 'பாரதி' இதழை நடத்திய கே. கணேஷ் தலாத்துஓயாக்காரர் என்பதை எத்தனை கண்டிப் பெற்றோர் அறிவர்?

1980 முதல் அரசு இலவசமாக வழங்கும் பாடநூலை ஒதுக்க வேண்டியதில்லை. இலக்கணத்துக்கு அது உதவும். வாசிப்புக்கு மட்டும் முதலில் மலைநாட்டுப் பாடல்களை எடுங்கள். தோட்டத்தில் வாழ்ந்த பாட்டி வீட்டிலிருப்பின், அவர் பாட, பிள்ளை எழுதட்டும். பெரட்டு, லயம், கங்காணி என்ற சொற்கள் வரும். பிள்ளை பொருள் கேட்கும். விடை சொல்லப் பெற்றோர் ஆயத்தமாயிருக்க வேண்டும்.