வெளுத்த ஜீன்ஸை எப்படி ரசிப்பது?

வீட்டிலேயே ஜீன்ஸுக்கு நிறம் மாற்றுகிறேன் என்றால் போதும், "நல்ல துணியை ஏன் பாழாக்குறீங்க?" என்பார்கள். முட்டியில் கிழித்து விற்கிற பேண்ட்டைக் கூடுதல் விலைக்கு வாங்குவதும் இவர்களேதான். கிழிசலுக்குக் காசு கொடுக்கலாம், ஒரு வாளித் தண்ணீரில் நாமே வெளுத்தால் மட்டும் பாழ்!

செய்முறையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். முழுப் பருத்தி ஜீன்ஸாகப் பாருங்கள். லைக்ரா கலந்தது குளோரினில் மஞ்சளித்துத் தொளதொளத்துவிடும். பிளாஸ்டிக் வாளி, ரப்பர் கையுறை, மொட்டை மாடி. திரவ பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஐந்து பங்கு. பிளீச்சிங் பவுடர் வேண்டாம். கரையாத துகள் உட்கார்ந்த இடமெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளுக்கும். நனைத்துப் பிழிந்த துணியைத்தான் போட வேண்டும். ஈரத்தில் நிறம் அடர்த்தியாகத் தெரியும், காய்ந்தால் இன்னும் வெளிறும். ஆகவே கொஞ்சம் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். நன்றாக அலசி, மிச்ச பிளீச்சை முறிக்க மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் ஹைப்போ கரைத்த நீரில் முக்கி, மறுபடி அலசினால் முடிந்தது. வினிகர் ஊற்றச் சொல்லும் ரீல்ஸ் பக்கம் போகாதீர்கள். பிளீச்சோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும்.

இனிதான் விஷயமே. வெளுப்பில் இரண்டு ஜாதி உண்டு: தேய்ந்து வெளுத்தது, மருந்தில் வெளுத்தது. இது தெரியாமல் ஜீன்ஸைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

டெனிமில் பாவு நூலுக்கு மட்டும் நீலம், ஊடை வெள்ளை. பாவிலும் சாயம் முழுக்க இறங்குவதில்லை. டெனிமுக்குப் போடும் அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. காரத் தொட்டியில் ஒடுக்க வினையால் பச்சைமஞ்சளாகக் கரைந்து, நூலில் ஏறி, வெளியே வந்து காற்றுப் பட்டதும் நீலமாக மாறும். இப்படிப் பலமுறை முக்கி எடுத்தாலும் நிறம் மேலேயே தங்கிவிடும். கத்தரிக்காயைக் குறுக்கே வெட்டியதுபோல, தோல் மட்டும் நிறம், நடுவில் வெள்ளை. திண்டிவனம் பக்கத்து வயலில் இலை பறித்து எடுக்கும் அவுரியானாலும் சரி, 1897-இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் விற்கத் தொடங்கிய செயற்கை அவுரியானாலும் சரி, நீலம் தரும் மூலக்கூறு ஒன்றுதான்.

அதனால் உடம்பு உரசும் இடத்தில் நூலின் நீலத் தோல் உரிந்து வெள்ளை எட்டிப் பார்க்கிறது. கால் மடிப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். தையல் இழுத்த இழுப்பில் துணி முறுக்கிக்கொண்டு, சாய்வாகச் சிறு வரப்புகள் ஓடும். தேய்ந்த ஜீன்ஸில் வரப்பு வெள்ளை, பள்ளம் கருநீலம். பிளீச்சில் மொத்தமாக ஊறியதில் பள்ளமும் வெளிறிக் கிடக்கும். சந்தேகமா? முட்டிப் பக்கத்தைத் திருப்பி உட்புறம் பாருங்கள். தேய்ந்ததில் உள்ளே நீலப் புள்ளிகள் அப்படியே இருக்கும். மருந்து உட்புறத்தையும் விட்டுவைக்காது. பின்பாக்கெட்டைப் பிரித்தால் அடியில் பழைய கருநீலம் சதுரமாக உட்கார்ந்திருக்கும், பாருங்கள், அதைப் பார்த்துவிட்டு யாராவது 'பழைய துணி' என்று சொல்லட்டும்!

அப்படியென்றால் வீட்டு வெளுப்பு மட்டமா? முக்கி எடுத்துக் காயப்போடுவதோடு நிறுத்தினால் மட்டம்தான். பிரஷ்ஷை பிளீச்சில் தொட்டு, நன்றாகத் தட்டி உதறிவிட்டு, தொடையிலும் தையல் மேட்டிலும் மட்டும் லேசாக ஓட்டுங்கள். பள்ளத்தைத் தொடாதீர்கள். ரசனை அந்தப் பள்ளத்தில் இருக்கிறது. 'ஆசிட் வாஷ்' பேண்ட்டுக்குப் பெயரில்தான் ஆசிட்; பிளீச்சிலோ பொட்டாசியம் பெர்மாங்கனேட்டிலோ ஊறிய நுரைக்கல்லோடு உருட்டியது. மேகம் மேகமாகத் திட்டு விழும், மேடு பள்ளம் எதுவும் அதற்குத் தெரியாது. தொழிற்சாலை 'பழசாக்கல்' இன்னும் மோசம். மணலை ஊதித் துணியைத் தேய்த்த வேலையில் தொழிலாளர்களின் நுரையீரல் போனது. துருக்கி 2009-இல் அதைத் தடை செய்தது. இதற்குப் பெயர் 'விண்டேஜ்'!

மறுசாயத்துக்கு வருகிறேன். சாயம் மேலே ஏறுமே தவிர இருப்பதை அழிக்காது; நீலத்தின்மேல் மஞ்சள் போட்டால் பச்சைதான். முகப்பைப் பார்த்து மயங்காமல் உட்புறம் பாருங்கள். வெள்ளையாக இருந்த ஊடை புது நிறத்தைக் குடித்திருக்கும். காலை ஒரு மடிப்பு மடித்துவிட்டால் வேலையே வெளியே தெரியும். பாலியஸ்டர் தையல் நூல் எதையும் குடிக்காது, பழைய ஆரஞ்சாகவே நிற்கும். இதைக் குறை என்பவர்கள் ஒரே நிறப் பேண்ட்டைக் கடையில் வாங்கிக்கொள்ளட்டும்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்தது கந்தகச் சாயம் போட்ட கறுப்பு ஜீன்ஸ். பிளீச் பட்டால் சாம்பலாகாது; செங்கல் தூளும் துருவும் கலந்த ஒரு நிறத்துக்குப் போகும். கடையில் அதை எளிதில் பார்க்க முடியாது.

பரணில் கிடக்கும் பழைய ஜீன்ஸில் ஒன்றை எடுங்கள். முழுக்கால் வேண்டாம், முதலில் ஒரு பாக்கெட் ஓரத்தில் ஆரம்பியுங்கள். கழிவறை கழுவும் ஆசிட் பாட்டிலை மட்டும் அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.