ரூவான் லிங்யு: சாவுக்கு முந்திய நடிப்பு

சீனப் பேசாப்பட நடிகை ரூவான் லிங்யுவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய சாவிலிருந்தே தொடங்குகிறார்கள். 1935 மார்ச் 8, உலகப் பெண்கள் நாளன்று, ஷாங்காயில் தற்கொலை செய்துகொண்டார். வயது 24. முன்னாள் துணைவன் தொடுத்த வழக்கு, அதை வைத்துப் பிழைத்த பத்திரிகைகள் என்று அவர் வாழ்க்கை ஒரு கண்ணீர்க் கதையாக முடிந்துவிடுகிறது. நடிப்பு பின்னுக்குப் போய்விடுகிறது.

நான் 1934இல் வூ யோங்காங் இயக்கிய 'ஷென்னு'விலிருந்து தொடங்குகிறேன். அந்தச் சொல்லுக்குத் தேவதை என்றும் பொருள், பாலியல் தொழில் செய்பவள் என்றும் பொருள். தேவரடியார் என்ற சொல்லை வசையாக்கிய மொழியில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படத்தில் அவள் பெயரில்லாதவள். பகலில் தாய், இரவில் தெருவில் நிற்பவள். ரூவான் இவர்களை இரண்டு பெண்களாகப் பிரித்து நடிக்கவில்லை.

போலீசுக்குப் பயந்து ஒரு ரவுடியின் அறைக்குள் ஓடி வருகிறாள். காப்பாற்றியதற்கு அவன் விலை கேட்கிறான். அவள் அழவில்லை. மேசைமேல் ஏறி உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறாள். வேறு வழியில்லை என்பதும், அதற்காகத் தான் அவனுடையவளாகிவிடவில்லை என்பதும் அந்த உட்காரும் விதத்திலேயே தெரிகின்றன. பின்னர், விசாரிக்க வரும் தலைமையாசிரியரிடமும் தொழிலை மறுப்பதில்லை. மகனுக்குப் படிக்க உரிமை இல்லையா என்று கேட்கிறாள்.

படத்தின் முடிவில் எனக்கு உடன்பாடில்லை. சேமிப்பைத் திருடிய ரவுடியைக் கொன்று 12 ஆண்டுச் சிறைத் தண்டனை பெறுகிறாள். அம்மா செத்துவிட்டதாக மகனிடம் சொல்லச் சொல்கிறாள். தாய் தன்னை அழித்துக்கொண்டால்தான் தாய்மை புனிதமாகும் என்ற பழைய கணக்கு இது. ஆனால் மகனை நினைத்துச் சிறையில் அவள் சிரிக்கும் சிரிப்பில் தியாகம் இல்லை. விட்டுக்கொடுக்க மனமில்லாத ஆசைதான் இருக்கிறது. கதை ஒப்புக்கொண்டதை ரூவானின் முகம் ஒப்புக்கொள்ளவில்லை.

1934இல் தற்கொலை செய்துகொண்ட நடிகை ஐ சியாவின் வாழ்க்கையைத் தழுவியது 'புதிய பெண்கள்'. ட்சாய் சூஷெங் இயக்கம். அதில் ரூவானின் பாத்திரம் சாகும் தறுவாயில் வாழ வேண்டும் என்று கதறுகிறது. படம் தங்களை இழிவுபடுத்துவதாகப் பத்திரிகையாளர்கள் கொதித்தார்கள். வெளியான சில வாரங்களில் ரூவான் இறந்தார். படமே வாழ்க்கையாகிவிட்டது என்று இதை விதிபோலச் சொல்வது வசதியானது. எழுதியவர்கள், அச்சிட்டவர்கள், விற்றவர்கள் எல்லாரும் தப்பித்துவிடலாம். அதே ஆண்டில் லூ சுன் அப்படித் தப்பவிடவில்லை: வலியவர்களிடம் வாலாட்டாத பத்திரிகைகளுக்கு, ஒரு பெண்ணை வதைக்க மட்டும் வலு இருந்தது என்பதைச் சுட்டிக்காட்டினார்.

வாழ வேண்டும் என்று கதறி நடித்தவரைச் சாகவே பிறந்தவராக வாசிக்கும்போது, நாமும் அந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.